இழுக்கிற வண்டி
(ஷெட்டுக்குள் ஒரு கார் – 9)

சென்ற வாரம் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினோம். வண்டி ஓடிவிட்டது. ஓடுகிற வண்டி திருப்பினால் திரும்ப வேண்டும், மிதித்தால் நிற்க வேண்டும். இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

“வண்டி இடது பக்கம் இழுக்குது சார், என்ன மாத்தணும்?” தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து அதிகம் வந்த கேள்வி இதுதான். கல்பாக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார், மதுராந்தகத்திலிருந்து இன்னொருவர். கேள்வி ஒன்று, வியாதி வேறு. முதலாமவர் வண்டி நேர்ச்சாலையில் சும்மா போகும்போதே ஒதுங்குகிறது. மற்றவர் வண்டி பிரேக் மிதித்தால் மட்டும் ஒதுங்குகிறது. முன்னதற்கு டயர், காற்று, அலைன்மென்ட் என்று தேட வேண்டும். பின்னதற்கு டிரம்மைக் கழற்ற வேண்டும். இரண்டு பேருமே விசாரிக்காமல் டை ராடு எண்ட் வாங்கி வைத்திருந்தார்கள்! ஜி.பி. ரோடு கடைக்காரருக்கு வியாபாரம் ஆனது; வண்டி அப்படியே இழுத்துக்கொண்டிருக்கிறது. எதை மாற்றுவது என்பதை அப்புறம் பார்க்கலாம். எப்போது இழுக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

உதாரணத்துக்கு ஹெரால்டை எடுத்துக்கொள்கிறேன். ஊர்ப்பாசம்தான் காரணம். 1948-இல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூரில் தொழிற்சாலை வைத்திருந்தது. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார், 1961-இலிருந்து இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆயிற்று. உருவத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிகெலோட்டி என்ற இத்தாலிக்காரர். பூட்டி முடுக்கி வெளியே அனுப்பியது செங்கல்பட்டு ஜில்லா. 1972-இல் கேஸல் வந்தது, 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது, சில வருடங்களில் கதையே முடிந்தது. பிறகு மறைமலைநகரில் ஃபோர்டு வந்து 1999-இல் ஐகானை இறக்கி, 2022-இல் அதுவும் கடையைக் கட்டியது. கம்பெனிகள் போய்விட்டன. வண்டிகள் மட்டும் திருப்போரூரிலும் அச்சரப்பாக்கத்திலும் ஓலைக் கொட்டகைக்குக் கீழே நின்றுகொண்டிருக்கின்றன.

வீட்டில் வேலை பார்க்கிறவனுக்கு ஹெரால்டு ஒரு வரம். பானெட் என்று தனியாக ஒன்றும் கிடையாது. இரண்டு மட்கார்டோடு முன்பாகம் மொத்தமும் முன்னால் சாய்ந்து திறந்துகொள்ளும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இன்றைய சின்னக் கார்கள்கூட அதைவிடக் கூடுதலாக இடம் கேட்கும்.

அந்தத் திருப்பத்துக்கு ஒரு விலை உண்டு. முன்சக்கரத்தைத் தாங்குகிற நெட்டுக்குத்தான இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். நாம் ஸ்டியரிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு தடவையும் தண்டு அந்த மரையில் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். பால் ஜாயின்ட் செய்ய வேண்டிய வேலையை ஒரு போல்ட்டும் நட்டும் செய்கின்றன. இதற்கு ஊற்ற வேண்டியது 90-ஆம் நம்பர் கியர் ஆயில். கம்பெனி கையேடே ஆயில் என்றுதான் சொல்கிறது. ஆனால் நிப்பிளைப் பார்த்தால் எந்த மெக்கானிக்குக்கும் கை கிரீஸ் கன்னுக்குத்தான் போகும்.

திருக்கழுக்குன்றத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் ஹெரால்டு இருக்கிறது. ஸ்டியரிங் கல் மாதிரி கனம். திருப்பத்தில் ஒடித்துவிட்டுக் கையை விட்டால் தானாக நேருக்கு வரவில்லை. ரேக் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்று பட்டறைப் பையன் சொல்கிறான்.

“தம்பி, கீழ நிப்பிள்ல என்ன விட்ட?”

“கிரீஸ்தான் சார். சர்வீஸுக்கு சர்வீஸ் மறக்காம அடிச்சிடுறேன்.”

“அதாம்ப்பா ரேக்கு போன மாதிரி இருக்கு.”

ஜாக்கி போட்டுத் தூக்கி, டை ராடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தார்கள். ரேக்கோடு தொடர்பு இல்லாதபோதும் சக்கரம் முரண்டு பிடித்தது. எனவே கோளாறு ரேக்கில் இல்லை. ட்ரனியனைக் கழற்றினால், மேல் மரையில் கிரீஸ் காய்ந்து மெழுகாக அப்பியிருக்கிறது. அடி மரைக்கு அது போகவே இல்லை. அங்கே தண்ணீர் தேங்கி, செம்மண் நிறத்தில் துரு. தண்டை மண்ணெண்ணெயில் துடைத்து நகத்தால் தடவியபோது மரையின் பள்ளத்தில் ஓரிடத்தில் நகம் சிக்கியது. விரிசல். அதை இனி எண்ணெய் ஊற்றிக் காப்பாற்ற முடியாது, தண்டையே மாற்ற வேண்டும். அப்படியே ஓட்டியிருந்தால் ஒரு நாள் அது முறியும். அநேகமாக ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது முறிந்து, சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் போகும். அதுவரைக்கும் அதிர்ஷ்டம். அதே முறிவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. இன்னொன்று: இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசை. புதுப்பேட்டையில் பழையது வாங்குகிறவர்கள் எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லி வாங்குங்கள்.

ஹெரால்டு இல்லாதவர்களுக்கும் இதே தேடல்தான். முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்கிறவர்களைப் பார்க்கிறேன். அது எச்சரிக்கை எதுவும் தராமல் நொறுங்கும். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங் பின், பால் ஜாயின்ட் அல்லது ட்ரனியன். அடுத்து இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். அதில் மட்டும் ஆடினால் டை ராடு எண்டும் ரேக்கும். பத்மினி கார் வைத்திருக்கிறவர்களுக்கு ரேக் கிடையாது, ஸ்டியரிங் பாக்ஸ். அதில் கைவைப்பதற்கு முன் மேலே உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் பிடித்து உணருங்கள்; இன்னொருவர் ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் அசைக்க வேண்டும். தேய்ந்த இணைப்பு விரலில் ‘டக்’ என்று தட்டும்.

ஹெரால்டில் ரேக்கைப் பிடித்திருப்பது ரப்பர் புஷ்தான். எஞ்சின் ஆயில் ஒழுகி அந்த ரப்பரை ஊறவைத்தால் ரேக் முழுசாகவே பக்கவாட்டில் நகரும். ஸ்டியரிங் திருப்பியதில் பாதிதான் சக்கரத்துக்குப் போகும். ரேக் உள்ளே ஒரு தேய்மானமும் இல்லாமல் இருக்கும், ஆனாலும் ரேக்தான் விலைக்கு வாங்கப்படும். ரப்பர் என்ன விலை, ரேக் என்ன விலை!

ஒரு வேகத்துக்கு வந்தால் மட்டும் ஸ்டியரிங் நடுங்கி, அதைத் தாண்டினால் சரியாகிவிடுகிறது என்றால் சக்கர பேலன்ஸ். டயரின் பக்கச்சுவரில் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2312 என்றால் 2012-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். ட்ரெட் புதுசாகத் தெரியும், உள்ளே அடுக்கு விட்டிருக்கும். நின்றே கிடக்கிற வண்டிகளுக்கு இது சகஜம். அலைன்மென்ட்டுக்குக் கடைக்குப் போகும் முன் கொத்தனார் நூலைப் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இழுத்துக் கட்டிப் பார்த்தாலே பெரிய கோணல் தெரிந்துவிடும். நுணுக்கத்துக்குத்தான் மிஷின்.

இனி பிரேக். இங்கே கடல் கணக்கில் வருகிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றித் தொல்லியல் துறை சவுக்கு வளர்த்ததும், கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்ச ஈரக் காகிதக்கூழை அப்பி எடுப்பதும் கடற்காற்றுக்குப் பயந்துதான். கருங்கல்லுக்கே அந்தக் கதி. பேக் பிளேட்டின் மெல்லிசான தகரமும், அதன் பின்னால் ஓடும் ஸ்டீல் பிரேக் பைப்பும் எவ்வளவு நாள் தாங்கும்? கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் நிற்கிற வண்டிகளில் பைப்பை விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். மேலே தூசி, அடியில் செதில்.

ஹெரால்டில் நான்கு சக்கரமும் டிரம். மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, லைன் ஒன்று. இன்றைய கார்களில் இரண்டு தனி லைன். ஒன்று போனால் மற்றது பாதியாவது பிடிக்கும். ஹெரால்டில் ஒரு பைப் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், நான்கும் போகும். அப்போது கையில் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். பழைய வண்டிக்காரர் பலர் ஹேண்ட் பிரேக்கை எஃப்.சி. காட்டுகிற சமயத்தில்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஒற்றை லைன் வண்டியில் நான் முதலில் சரி பார்ப்பது கேபிளைத்தான்.

பெடல் பேசும், கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பான்ஜ் மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. அமுங்காமல் கெட்டியாக இருந்து, ஆனால் ரொம்பக் கீழே போய்ப் பிடித்தால் ஷூ தேய்ந்திருக்கிறது, அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டும். முதலில் கெட்டியாகப் பிடித்து, சிக்னலில் மிதித்தபடியே நிற்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் கப் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. டப்பாவில் ஆயில் குறையவும் குறையாது. அதனால்தான் இதைப் பலர் கண்டுபிடிப்பதில்லை.

மதுராந்தகத்துக்காரர் வண்டிக்கு வருவோம். மிதித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. பொதுவாக வண்டி நன்றாகப் பிடிக்கிற சக்கரத்தின் பக்கம்தான் போகும். எனவே சந்தேகம் வலது முன்சக்கரத்தின் மேல். அங்கே வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், லைனிங்கில் ஆயில் ஊறியிருக்கலாம். டிரம்மில் ஒரு விதிவிலக்கும் உண்டு: லைனிங்கில் கொஞ்சமாக ஆயில் பட்டால் அது வழுக்காமல் வெடுக்கென்று கவ்வும். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து தீர்ப்பு எழுதாமல் இரண்டையும் திறந்து ஒப்பிட வேண்டும்.

திறக்கும்போது உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை ஊதாதீர்கள். கம்ப்ரஸரும் வேண்டாம். அந்தக் காலத்து லைனிங் என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் வழித்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் பூட்டை விளிம்பில் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கப் போய்விட்டது. பிஸ்டனை எடுத்துவிட்டு உள்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் புதுக் கப் போட்டும் பயனில்லை. அந்தப் புள்ளிக்குக் காரணம் உள்ளே இருந்த தண்ணீர். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 140 டிகிரி தாங்கினாலே அது தேறிவிட்டதாகக் கணக்கு. டாட் 4-க்கு 230-உம் 155-உம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுசாக மாற்றுங்கள், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். கடலோரத்தில் நான் அதற்கும் முன்னாலேயே மாற்றிவிடுவேன்.

கப்பைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவாதீர்கள், ஊதிப்போகும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். அது பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். துடைத்தால் மட்டும் போதாது. பிளீடிங் செய்யும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். நம் வண்டிகளில் அது இடது பின்சக்கரம். பிறகு வலது பின், இடது முன், கடைசியாக வலது முன். மிதிக்கிறவர் நிப்பிள் மூடுகிறவரைக்கும் பெடலை விடக்கூடாது. வீட்டில் இந்த வேலைக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறவர்கள், “விடாதே” என்றும் “விடு” என்றும் கத்தினால் குழப்பம் வரும். “மிதி”, “எடு” என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிதித்த பிரேக் விடுபடாமல் சக்கரம் சூடாகிறதா? நிப்பிளைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். சக்கரம் உடனே சுற்றினால் அந்தச் சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. வெளியே பார்க்க அது நன்றாகவே இருக்கும். நிப்பிள் திறந்தும் சுற்றவில்லை என்றால் பிஸ்டனோ ஹேண்ட் பிரேக் கேபிளோ இறுகியிருக்கிறது. கடற்கரையில் இரவு முழுவதும் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துகிற பழக்கம் இதற்கு ஒரு காரணம். ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

எதை வீட்டில் செய்யக்கூடாது? டிரம் கோணினால் லேத்துக்கு. லைனிங் ரிவெட் அடிக்கப் பழகிய கை வேண்டும். ஸ்டியரிங் சம்பந்தமான எந்த இரும்பையும் வெல்டு வைக்கக்கூடாது, வளைந்ததை அடித்து நிமிர்த்தவும் கூடாது. வெல்டு வைத்துத் தருகிறேன் என்று சொல்கிற பட்டறைக்கு வேறு வேலைக்கும் போகாதீர்கள்.

எல்லாம் மாட்டியபின் ஓட்டிப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். முதலில் காம்பவுண்டுக்குள்ளேயே நடை வேகத்தில் மிதித்துப் பாருங்கள், ஹேண்ட் பிரேக்கைத் தனியாக இழுத்துப் பாருங்கள். பிறகு வார நாளில், விடிகாலையில், செங்கல்பட்டு–திருக்கழுக்குன்றம் சாலையில் ஆள் இல்லாத நேரான இடத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதியுங்கள். திரும்பி வந்ததும் நான்கு டிரம்மிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒன்றில் மட்டும் ‘சுர்’ என்றால் அதை அன்றைக்கே மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

அடுத்த வாரம் வயரிங். எலி கடித்த வயரைப் பற்றி எழுதியவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

(தொடரும்)