தாலி இல்லாமல் ஒரு தாலாட்டு

“குழந்தையின் தகப்பனார் பெயர்?”

பள்ளிக்கூடத்தில் பெயர் பதியும் குமாஸ்தா தலை நிமிராமலே கேட்பார். எதிரே நிற்கும் பெண்மணி, “தாயார் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் தாயார்” என்பாள். அப்போதுதான் குமாஸ்தா தலை நிமிர்வார். முதலில் அவள் கழுத்தைப் பார்ப்பார். பிறகு குழந்தையைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்குள் எத்தனை கேள்விகள்!

விவாகமாகாத ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்ப்பதென்றால், இந்தப் பார்வையைத் தாங்கும் மனம் முதலில் வேண்டும். சட்டம் அவளுக்கு என்றைக்கோ வழி விட்டுவிட்டது. வழியை மறித்துக்கொண்டு நிற்பது வேறு ஏதோ ஒன்று.

அந்தக் காலத்து ஸ்வீகாரம்

முன்காலத்தில் ஸ்வீகாரம் என்பது ஆண்களின் காரியம். கொள்ளி வைக்கப் பிள்ளை வேண்டும், வம்சம் விளங்க வேண்டும், சொத்துக்கு வாரிசு வேண்டும் என்பதற்காகவே தத்து எடுத்தார்கள். ஆகையால் எடுப்பதும் ஆண் குழந்தையைத்தான். பெண்ணுக்கு அதில் சொந்தமாக ஓர் உரிமையும் இல்லை. விதவையானவள் தத்தெடுத்தாலும், அது மறைந்த கணவனுக்காக எடுத்ததாகவே கொள்ளப்பட்டது.

நமது ராமநாதபுரம் ஜமீன் வழக்கே இதற்குச் சாட்சி. சேதுபதி மறைந்த பின் ராணி ஒரு பிள்ளையைத் தத்து எடுத்தார். அது செல்லாது என்று தகராறு எழுந்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும், அவனுடைய பங்காளிகளின் சம்மதம் பெற்று விதவை தத்தெடுக்கலாம்; திராவிட நாட்டில் அது செல்லும் என்று 1868-ல் தீர்ப்பாயிற்று. பெரிய தீர்ப்புத்தான். ஆனால் பிள்ளை யாருக்கு? மறைந்த சேதுபதிக்குத்தானே தவிர, ராணிக்கு அல்ல!

1956-ல் வந்த இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் இதை மாற்றியது. விவாகமாகாதவள், விதவை, விவாகரத்துப் பெற்றவள் ஆகியோர் தமக்கே ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்றது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணவனோடு வாழும் பெண் தன் பெயரில் தத்தெடுக்க 2010 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் செய்த திருத்தத்துக்குப் பிறகுதான், கணவனின் சம்மதத்தோடு அவளும் எடுக்க முடிந்தது. கன்னிப் பெண்ணுக்கோ அந்த உரிமை 1956 முதலே இருந்து வருகிறது!

கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்களுக்கு அப்போது அந்தச் சலுகை இல்லை. 1890-ம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் ‘கார்டியன்’ ஆகலாம், தாயாக முடியாது. சிறார் நீதிச் சட்டம் வந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது. எந்த மதத்தினரும் அச்சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியது.

அழகு ராணியின் வழக்கு

1994-ல் பிரபஞ்ச அழகியாகத் தேர்வான சுஷ்மிதா சென்னை நாடறியும். அவர் 2000-ல், இருபத்து நாலாவது வயதில், விவாகமாகாமலே ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார். 2010-ல் இன்னொரு பெண் குழந்தைக்கும் தாயானார். ஒரு மகள் இருக்கும்போது இன்னொரு மகளைத் தத்தெடுக்க 1956-ம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்காது. அந்தத் தடையைத் தாண்ட வழி செய்தது சிறார் நீதிச் சட்டமும், 2009-ல் பம்பாய் ஹைகோர்ட்டு வேறொரு வழக்கில் அளித்த தீர்ப்புமே.

பேரும் புகழும் உள்ளவர்கள் சாதித்துவிடுவார்கள். மாதச் சம்பளத்தில் ஜீவிக்கும் சாதாரணப் பெண் என்ன செய்வாள்?

விண்ணப்பமும் ஒரு கையெழுத்தும்

உதாரணத்துக்கு ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தெட்டு. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். தம்பி, தங்கையைப் படிக்க வைத்துக் கரையேற்றுவதிலேயே அவளுடைய விவாக வயது கடந்துவிட்டது. வீட்டில் அவளும் வயதான தாயாரும்தான். ஒரு நாள் இரவு, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டே சொல்கிறாள்:

“அம்மா, ஒரு குழந்தையைத் தத்து எடுத்துக்கலாம்னு இருக்கேன்.”

தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஏம்மா, நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்கிறாள்.

அந்த நாலு பேர்தான் முதல் மலை. விண்ணப்பம் அதைவிடச் சுலபம். ‘காரா’ என்று சொல்லப்படும் மத்திய தத்து வள ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் பதிய வேண்டும். வருமானச் சான்று, வைத்தியச் சான்று, வசிப்பிடச் சான்று ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமானால் தனியாக உள்ள பெண்ணுக்கு வயது 40-ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நாலு வயது வரை உள்ள குழந்தைக்கு 45. எட்டு வயது வரை 50. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 55. தாய்க்கும் குழந்தைக்கும் 25 வயதாவது வித்தியாசம் இருக்க வேண்டும். ஆண் குழந்தை, பெண் குழந்தை எதையும் அவள் கேட்கலாம். தனியாக உள்ள ஆணுக்கோ பெண் குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள்.

தனியாக உள்ளவர்களிடம் இன்னொரு காகிதமும் கேட்கிறார்கள். நெருங்கிய உறவினர் ஒருவரின் உறுதிமொழி அது. நாளைக்கு அவளுக்கு ஏதாவது நேர்ந்தால், குழந்தைக்கு யார்?

டீச்சர் தம்பியிடம் போகிறாள். அவன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். “வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றேன் அக்கா” என்கிறான். அவன் எதை எண்ணித் தயங்குகிறான் என்பது அக்காளுக்குத் தெரியும். பூர்வீக வீடு ஒன்று இருக்கிறது. தத்துப் பிள்ளைக்கும் பெற்ற பிள்ளைக்குள்ள உரிமை எல்லாம் உண்டு. ஆயுள் முழுதும் அவனுக்காகச் செலவழித்தவள், இப்போது ஒரு கையெழுத்துக்காக அவன் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கிறாள். பல பெண்களின் ஆசை இந்தத் திண்ணையிலேயே முடிந்துபோகிறது.

அந்தக் கையெழுத்தை வாங்கிக் கொடுப்பவள் யார் தெரியுமா? நாலு பேருக்குப் பயந்த அதே தாயார்தான்! “உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவடா அவ. கையெழுத்தைப் போடு” என்கிறாள். தம்பியும் போட்டுவிடுகிறான்.

வீட்டைப் பார்க்க வருகிறவர்

பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருகிறார். மாடி வீடா, ஓட்டு வீடா என்று பார்க்க அவர் வரவில்லை. “உங்களுக்கு ஜுரம் வந்து படுத்தால் குழந்தைக்கு யார் சோறு ஊட்டுவார்கள்? பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள்? ‘நான் உன் வயிற்றில் பிறந்தேனா அம்மா?’ என்று அது கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்கிறார்.

டீச்சருக்கு முதலில் கோபம் வருகிறது. கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பித்தால் இப்படியா கேட்பார்கள்? ஆனால் அவர்களையும் இப்படித்தான் கேட்கிறார்கள். தத்து என்பது பிள்ளையில்லாதவருக்குப் பிள்ளை தேடிக் கொடுக்கும் ஏற்பாடு அல்ல. பெற்றவர்கள் இல்லாத குழந்தைக்குப் பெற்றவர்களைத் தேடிக் கொடுக்கும் ஏற்பாடு. கணவன் எங்கே என்று சட்டம் அவளைக் கேட்கவில்லை. குழந்தைக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்றுதான் கேட்கிறது.

காத்திருப்பும் குறுக்கு வழியும்

அதன் பிறகு காத்திருப்பு. பச்சைக் குழந்தைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்க நேரிடுகிறது. கேட்பவர் தொகை பெரிது. சட்டப்படி தத்துக்கு உரியதாகும் குழந்தைகளின் தொகை சிறிது. பெற்றவளே ஒப்படைத்த குழந்தையானால், மனம் மாறித் திரும்பக் கேட்க அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. தொட்டிலில் விடப்பட்ட குழந்தையானால் உற்றாரைத் தேடிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுச் சர்க்கார் 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் எத்தனையோ பெண் சிசுக்களின் உயிரைக் காப்பாற்றியது. அத்தகைய குழந்தையும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு பெற்ற பிறகே தத்துக்குப் போகலாம்.

இந்தச் சமயத்தில்தான், “எனக்கு ஓர் ஆஸ்பத்திரி ஆயாவைத் தெரியும். பணத்தைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் குழந்தை” என்று யாராவது காதில் ஓதுவார்கள். 2019-ல் ராசிபுரத்தில் அம்பலமான குழந்தை விற்பனை விவகாரம் நினைவிருக்கும். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் செய்தால் ஏழு ஆண்டு வரை தண்டனை. அதைவிடக் கொடியது, என்றைக்காவது போலீசார் வந்து, “அம்மா” என்று கூப்பிடப் பழகிய குழந்தையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போவது.

நாற்பத்தெட்டு மணி நேரம்

ஒரு நாள் செய்தி வருகிறது. குழந்தையின் படம், வைத்திய அறிக்கை, அதைப் பற்றிய குறிப்பு. சம்மதமா என்று 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டு காத்தவளுக்கு இரண்டு நாள் கெடு! சம்மதித்தால், இல்லத்துக்குப் போய்க் குழந்தையை நேரில் பார்க்கலாம். பிறகு வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் வீட்டுக்கு அழைத்து வரலாம். முன்பு கோர்ட்டு உத்தரவு வேண்டியிருந்தது. 2021-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கலெக்டரே உத்தரவு போடுகிறார். அதன் பின்னும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாக இரண்டு ஆண்டு வந்து பார்க்கிறார்கள்.

2024-25-ல் நாடு முழுவதும் 4,515 குழந்தைகளுக்கு இப்படி வீடு கிடைத்திருக்கிறது.

டீச்சரின் வீட்டிலும் தொட்டில் கட்டியாயிற்று. முதல் நாள் குழந்தை அழவேயில்லை. அறிமுகமில்லாத கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தது. நாலாம் நாள் நள்ளிரவில் வீறிட்டு அழுதது. கிழவி எழுந்து உட்கார்ந்து, “அழுவுது பாரு! கூப்பிட்டா வர ஆள் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு” என்றாள். நாலு பேரைப் பற்றி அவள் பிறகு பேசவேயில்லை.

ஒரு கட்டம் காலியாக இருந்தால்...

விவாகமாகாத தாயைக் குழந்தையின் ஒரே கார்டியனாக ஏற்கலாம் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டுக்குத் தாய், தகப்பன் இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016-ல் விதி மாறியது. தனியாக உள்ள தாயின் பிள்ளைக்கு, பான் அட்டையில் தகப்பனார் பெயர் கட்டாயமில்லை என்று 2018-ல் மாற்றினார்கள். சர்க்காரின் படிவங்கள் ஒவ்வொன்றாகத் திருந்தி வருகின்றன.

இனித் திருந்த வேண்டியது அந்தப் பள்ளிக் குமாஸ்தாவின் பார்வை. நம் எல்லோருடைய பார்வையுந்தான். தகப்பனார் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறதே என்று பார்க்கிறோம். பக்கத்துக் கட்டத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரை அங்கே எழுத அவள் எத்தனை வாசல் ஏறி இறங்கினாள் என்பதை நினைத்துப் பார்த்தால், அடுத்த கேள்வி நம் வாயில் வருமா?