கிரிப்டோவில் போன காசு - இயந்திரம் துப்புத் துலக்குவது எப்படி?

"கிரிப்டோவில் போன காசா? அது யார்கிட்ட போச்சோ, கடவுளுக்குத்தான் தெரியும்!"

மோசடியில் ஏமாந்தவர்களைப் பற்றிப் பேசும்போது இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

அது பாதிதான் உண்மை. காசு எங்கே போனது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரிடம் போனது என்பதுதான் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க இப்போது இயந்திரக் கற்றல் கைகொடுக்கிறது.

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு மோசடிகளில் பறிபோன தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அதில் கிட்டத்தட்ட கால்வாசி கிரிப்டோ நாணயமாகப் போனது.

எல்லாரும் பார்க்கக்கூடிய பேரேடு

பிட்காயின் பரிவர்த்தனைகள் அனைத்தும் 'பிளாக்செயின்' எனும் பொதுப் பேரேட்டில் பதிவாகின்றன. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எப்போது... எல்லாமே அதில் இருக்கும். யாராலும் அழிக்க முடியாது.

ஆனால் பெயர் மட்டும் இருக்காது. முகவரி என்பது எழுத்துகளும் எண்களும் கலந்த நீளமான குறியீடு. ஒருவரே ஆயிரம் முகவரிகள் வைத்துக்கொள்ளலாம்.

மோசடிக்காரர்கள் அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பெரிய தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் பல முகவரிகளுக்கு அனுப்புவார்கள். பலருடைய காசை ஒன்றாகக் கலந்து திருப்பித் தரும் 'மிக்ஸர்' சேவைகளையும் நாடுவார்கள். கையால் எழுதிப் பின்தொடர்ந்தால் தலை சுற்றிவிடும்!

இயந்திரம் என்ன செய்கிறது?

முதல் வேலை, முகவரிகளைச் சேர்த்துக் கட்டுவது.

கடைக்காரரிடம் ஒருவர் மூன்று பைகளிலிருந்து சில்லறை எடுத்துக் கொடுத்தால், மூன்று பைகளும் அவருடையவை என்றுதானே நினைப்போம்? அதேபோல, ஒரே பரிவர்த்தனைக்குப் பல முகவரிகளிலிருந்து காசு வந்தால், அவை ஒருவருடையவையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பலர் சேர்ந்து வேண்டுமென்றே ஒரே பரிவர்த்தனையாக அனுப்புவதும் உண்டு. அப்போது இந்தக் கணிப்பு தவறிவிடும்.

இரண்டாவது வேலை, நடத்தையைப் படிப்பது. 'இது குற்றம் சார்ந்தது', 'இது நியாயமானது' என்று ஏற்கனவே தெரிந்த பரிவர்த்தனைகளை இயந்திரத்துக்குக் காட்டுவார்கள். தொகை, கட்டணம், எத்தனை முகவரிகளுக்குப் பிரிந்தது, அக்கம்பக்கத்துப் பரிவர்த்தனைகள் எப்படி எனப் பலவற்றையும் அது ஒப்பிட்டுப் பழகிக்கொள்ளும். பிறகு, தெரியாத ஒன்றைக் காட்டினால், அது எந்தப் பக்கம் சாயும் என்று கணிக்கும்.

2019இல் எலிப்டிக் நிறுவனமும் எம்ஐடி-ஐபிஎம் வாட்சன் ஆய்வகமும் அத்தகைய தரவுத் தொகுப்பொன்றை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டன:

- மொத்தப் பிட்காயின் பரிவர்த்தனைகள் - 203,769
- குற்றம் சார்ந்தவை - 4,545
- நியாயமானவை - 42,019
- மற்றவை - எதுவென்று தெரியாதவை

இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

இல்லை.

அந்தத் தொகுப்பின் காலக்கட்டத்தில் கள்ளச் சந்தை இணையத்தளம் ஒன்று திடீரென மூடப்பட்டது. அதன் பிறகு நடந்த குற்றப் பரிவர்த்தனைகளைக் கண்டுபிடிக்க, சோதிக்கப்பட்ட எல்லா முறைகளுமே திணறின. பழைய பழக்கத்தைப் படித்த இயந்திரத்துக்குப் புதிய பழக்கம் பிடிபடவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 பரிவர்த்தனைகளில் 200 குற்றம் சார்ந்தவை என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் அவற்றில் 90 விழுக்காட்டைப் பிடிக்கிறது. அதாவது 180. மீதமுள்ள 9,800இல் 2 விழுக்காட்டைத் தவறாகச் சந்தேகிக்கிறது. அது 196!

சந்தேகப் பட்டியலில் குற்றவாளிகளைவிட அப்பாவிகளே அதிகம். அந்தப் பட்டியலை மட்டும் நம்பிக் கணக்கை முடக்கினால், ஒரு தவறும் செய்யாதவரின் சேமிப்பு முடங்கிப்போகும். அதனால்தான் முதலில் எதை விசாரிப்பது என்பதைக் காட்ட மட்டுமே இயந்திரம். மற்ற ஆதாரங்களைத் திரட்டி முடிவெடுப்பது மனிதர்களின் பொறுப்பு.

பெயர் எப்போது தெரியவரும்?

பெரும்பாலும், கிரிப்டோவை ரொக்கமாக மாற்றும்போது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்ற தளங்கள் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். பாதை அத்தகைய தளத்தில் போய் முடிந்தால், காவல்துறையால் கேள்வி கேட்க முடியும். வெளிநாட்டுத் தளம் என்றால், அந்நாட்டின் ஒத்துழைப்பு தேவைப்படும்.

கண்டுபிடித்தால் காசு திரும்பக் கிடைக்குமா?

சில சமயம். 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் இணைய ஊடுருவிகளுக்கு 75 பிட்காயின் பிணைத்தொகை கொடுத்தது. எஃப்பிஐ பொதுப் பேரேட்டில் அதன் பாதையைத் தொடர்ந்து, அடுத்த மாதமே 63.7 பிட்காயினைக் கைப்பற்றியது. அந்த முகவரியைத் திறக்கும் ரகசியச் சாவி அதிகாரிகளின் கையில் இருந்ததே காரணம்.

சாவி இல்லாவிட்டால்? காசு இருக்குமிடம் கண்ணுக்குத் தெரியும், எடுக்க முடியாது.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

- உடனே காவல்துறையிடம் புகார் செய்யுங்கள். காசு நகர நகர, முடக்கும் வாய்ப்பு குறையும்.
- நீங்கள் பயன்படுத்திய தளத்துக்கும் தெரிவியுங்கள்.
- பரிவர்த்தனைக் குறியீடு, பெற்றவரின் முகவரி, அனுப்பிய நேரம் ஆகியவற்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். துப்புத் துலக்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்கும்.
- வெட்கப்பட்டு உரையாடல்களை அழித்துவிடாதீர்கள்.
- "கட்டணம் கட்டுங்க, காசை மீட்டுத் தர்றோம்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். ஏமாந்தவர்களைக் குறிவைக்கும் இன்னொரு மோசடி அது.

சந்தேகமாக இருந்தால், காசு அனுப்புவதற்கு முன்பே 1799 எனும் ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.