மோட்டார் வண்டியின் தாகம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் பழைய அம்பாஸடர் கார் ஒன்று ஓரமாக நிற்பதையும், அதன் முகப்பிலிருந்து ஆவி சீறுவதையும், ஓட்டுபவர் தண்ணீர்ப் பாத்திரத்துடன் காத்திருப்பதையும் உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். வண்டிக்குத் தாகம் எடுத்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். தாகமென்றால் நீர் வார்த்ததும் தீரவேண்டும் அல்லவா? இதுவோ அடுத்த சில வளைவுகளுக்குள் மறுபடியும் கொதிக்கிறது. நீர் குறைந்ததனால் மட்டும் வந்த நோயன்று இது. உள்ளே இருக்கும் நீர் ஓடுவதற்கு வழியில்லாமையால் வந்த நோய். அவ்வழி எவ்வாறு அடைபடுகிறது, அதை எவ்வாறு திறப்பது என்பதே இன்றைய பேச்சு.

பெட்ரோல் எரிவதனால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. ஒரு பகுதி புகையோடு போய்விடுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நீர்தான் சுமந்து செல்ல வேண்டும். சிலிண்டர்களைச் சுற்றி வார்ப்பிரும்பிலேயே அமைந்த அறைகளில் இந்நீர் சூடேறி, மேல் ரப்பர்க் குழாய் வழியாக ரேடியேட்டரை அடைகிறது. அங்குள்ள மெல்லிய பித்தளைக் குழாய்களில் இறங்கும்போது, செம்புத் தகடுகளும் அவற்றிடையே வீசும் காற்றும் அதன் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கின்றன. ஆறிய நீரைப் பம்பு மீண்டும் உள்ளே தள்ளுகிறது. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டியில் பம்பு என்பதே பொதுவாக இல்லை. சுடுநீர் இலேசாகி மேலெழும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும் என்னும் இயற்கை விதி ஒன்றே அங்கு நீரைச் சுழலச் செய்தது.

இனி அடைப்புக்கு வருவோம். வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் வெள்ளைக் காரை படிந்திருப்பதை வீட்டில் கண்டிருப்பீர்கள். கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் சிதைந்து, கரையாத சுண்ணாம்புப் படிவாக மாறுகிறது. தவலையில் நிகழ்வதே எஞ்சினுள்ளும் நிகழ்கிறது. எங்கே சூடு மிகுதியோ அங்கேதான் படிவும் மிகுதி. செம்பு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட இப்படிவு கடத்தாது. ஆகவே குளிர்ச்சி எங்கே அதிகம் தேவையோ, அங்கேயே கம்பளி போர்த்தியது போலாகிறது.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. 500 உள்ள கிணற்று நீர் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய காரில் பிடிக்கும் நீர் பத்து லிட்டருக்கும் குறைவு. ஆதலால் ஒருமுறை நிரப்புவதால் ஐந்து கிராமுக்கு மேல் படிய வழியில்லை. இது பெரிதன்று. ஆனால் எங்கோ ஒரு கசிவு. நாள்தோறும் காலையில் ஒரு லிட்டர் வார்க்கிறோம். ஓராண்டில் உட்புகுவது 180 கிராமுக்கு மேல். அதில் பாதியே படிந்தாலும், நூலிழை போன்ற குழாய்கள் என்னாகும்? கொதிக்கிறதே என்று நீர் வார்க்கிறோம். வார்த்த நீரே அடுத்த கொதிப்புக்கு விதையாகிறது. கசிவை முதலில் நிறுத்தாமல் கழுவுவது வீண் வேலை என்பதற்கு இதுவே காரணம்.

சுண்ணாம்புக்குத் துணையாகத் துருவும் சேர்கிறது. வார்ப்பிரும்பிலிருந்து உதிரும் துரு செஞ்சகதியாகி, நீரோட்டம் மந்தமான பின் சிலிண்டரின் அடியில் தங்கிவிடும். நீரை வடிக்கும் திருகைத் திறந்தும் ஒரு சொட்டுக்கூட வரவில்லையென்றால், உள்ளே நீர் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள்.

வண்டி சூடாவதற்குத் தளர்ந்த விசிறிப் பட்டை முதலிய வேறு காரணங்களும் உண்டு. அடைப்புத்தானா என்று அறிய எளிய வழி: வண்டியைச் சற்று ஓட்டி நிறுத்தி, எஞ்சின் அணைந்த பின், ரேடியேட்டரின் முகப்பைக் கையால் பதனமாகத் தடவிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் சூடாக இருக்க, நடுவே ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே நீர் ஓடவில்லை. மூடியை மட்டும் அப்போது தொடலாகாது. சதுர அங்குலத்துக்கு ஏழு பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ், நீர் சுமார் 111 டிகிரி வரை கொதியாமல் அடங்கிக் கிடக்கும்; திறந்த கணமே ஆவியாகி முகத்தில் பாயும். கண்ணை இழக்கவும் கூடும். அதேபோலத் தகிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை வார்த்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். முற்றும் ஆறும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆறிய பின் நீரை வடித்து, ரப்பர்க் குழாய்களைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட வேண்டும். வெயில் நாட்டில் இது எதற்கு என்று அதை நிரந்தரமாகவே பிடுங்கி எறியும் மெக்கானிக்குகள் உண்டு. நோயை மறைக்கும் மருத்துவமாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

சல்லடையில் மேலிருந்தே நீரை வார்த்துக்கொண்டிருந்தால் கண்களில் சிக்கிய துணுக்குகள் மேலும் இறுகும். கவிழ்த்துப் பிடித்து வார்த்தால் உதிர்ந்துவிடும். ரேடியேட்டரையும் அவ்வாறே எதிரோட்டத்தில் கழுவ வேண்டும். வழக்கமாக நீர் மேலிருந்து கீழே ஓடுகிறது. நாம் கீழ்வாயில் குழாயைப் பொருத்தி மேல்வாயால் வெளியேற்றுவோம். எஞ்சினுக்கோ தெர்மோஸ்டாட் இருந்த மேல் துவாரத்தில் நீரைச் செலுத்தி, கீழே வடியவிட வேண்டும். முதலில் செந்நிறமாக வருவது வரவரத் தெளியும். பட்டறைகளில் அழுத்தக் காற்றையும் சேர்த்துச் செலுத்துவதுண்டு. அளவு மீறினால் ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய இணைப்புகள் பிளந்துவிடும்.

சகதி இவ்வாறு போய்விடும். ஒட்டிய காரை போகாது. பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் தேய்க்கும் நம் பெண்களுக்கு இதன் மருந்து தெரியும். புளிப்பு, அதாவது அமிலம். கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 50 கிராமுக்கு மிகாமல் கரைத்து, குழாய்களை மீண்டும் பூட்டி நிரப்பி, எஞ்சினை அரைமணி நேரம் மிதமான சூட்டில் ஓடவிட்டு, ஆறியதும் வடிக்கலாம். காரை கரையும்போது கரியமில வாயு கிளம்புமாதலால் மூடியை இறுக்கக் கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலமோ காஸ்டிக் சோடாவோ வேண்டவே வேண்டாம். உலோகத்தையே அவை தின்னும். பின்னர்ச் சமையல் சோடா கலந்த நீரால் எஞ்சிய புளிப்பை முறித்து, பன்முறை நல்ல நீரால் அலச வேண்டும். கழுவிய பின் புதிதாகச் சில கசிவுகள் தோன்றினால் அமிலத்தை நொந்து பயனில்லை. அத்துளைகளை அதுவரை அடைத்துக்கொண்டிருந்தது காரைதான்.

மறுபடி நிரப்பக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. அதனுடன் துருவைத் தடுக்கும் பொருள் அடங்கிய, செம்புக்கும் பித்தளைக்கும் ஈயப்பற்றுக்கும் தீங்கு செய்யாத வகைக் கிளைக்கால் கலவையை மூன்றில் ஒரு பங்கு சேர்க்கலாம். உறைபனி இல்லாத ஊருக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். துருவைத் தடுக்கவும், கொதிநிலையைச் சற்று உயர்த்தவுமே. அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நாய்களும் குழந்தைகளும் அணுகாதவாறு வைக்க வேண்டும். நிரப்பும்போது மெதுவாக வார்த்து, மூடியின்றி எஞ்சினைச் சிறிது ஓட்டி, ரப்பர்க் குழாயை அமுக்கி அமுக்கிவிட்டால் உள்ளே தங்கிய காற்று குமிழிட்டு வெளியேறும். ஒரு வாரம் ஓட்டிய பின், எஞ்சின் ஆறியிருக்கும் காலைப்பொழுதில் கொஞ்சம் நீரை வெண்ணிறக் கிண்ணத்தில் வடித்துப் பாருங்கள். மீண்டும் செந்நிறம் கண்டால், இளகிய துரு இன்னும் உள்ளே சுற்றுகிறது. இன்னொரு முறை எதிரோட்டத்தில் கழுவ வேண்டியதுதான்.