உழைக்காத மேதையா மோசார்ட்?

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் 1756-ஆம் ஆண்டு பிறந்து, 35 வயதிலேயே மறைந்தவர் மோசார்ட். அவரது இசையை விரும்பாதார் அரிது. எனக்கும் அது உயிர். ஆயினும் அவரைப் பற்றிப் பலரும் கூறும் ஒரு கருத்தை நான் ஏற்கவில்லை. 'அவர் பாடுபட்டதே இல்லை. முழு இசையும் மனத்தில் தானே தோன்றும். அடித்தல் திருத்தலின்றி எழுதிவிடுவார்' என்பதே அது.

இது எவ்வாறு பரவியது? 1815-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர இசை இதழொன்றில், மோசார்ட் எழுதியதாக ஒரு கடிதம் வெளியாயிற்று. அதில் இவ்வாறே கூறப்பட்டிருந்தது. அது போலிக் கடிதம் என அறிஞர்கள் பின்னர் தெளிவுபடுத்தினர். எனினும் கதை நிலைத்துவிட்டது. 1984-இல் வெளிவந்த 'அமேடியஸ்' திரைப்படமும் அதனையே காட்டிற்று.

உண்மை என்ன? அவர் தந்தை லியோபோல்ட், வயலின் பயிற்சி நூல் எழுதிய ஆசிரியர். மகனைச் சிறு வயதிலேயே பழக்கினார். மோசார்ட் எழுதிப் பார்த்த முன்வரைவுகளும், பாதியில் விட்ட படைப்புகளும் இன்றும் உள்ளன. நான்கு நரம்புக் கருவிகளுக்கென அமைத்த ஆறு படைப்புகளை 1785-இல் இசை மேதை ஹைடனுக்குக் காணிக்கையாக்கியபோது, அவை நெடிய கடும் உழைப்பின் பயன் என்று அவரே எழுதினார். அவற்றை முடிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பிறவித் திறமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐந்து வயதிலேயே இசை அமைத்தவர் அவர். ஆனால் 'நமக்கு அந்த வரம் இல்லை' என்று ஆர்மோனியத்தை மூடிவிடும் தோழியரே, வரம் பெற்றவரே வருந்தி உழைத்தார் எனில், நாம் பயிற்சியைக் கைவிடலாமா?