புகை மேலே, தார் கீழே



இந்தக் கிழமை எபிசோட்டில, கரண்ட் போனால் வீட்டை எப்படிச் சூடாக வைத்திருக்கிறது எண்டு கதைச்சோம். பற்றரி, ஜெனரேட்டர் எல்லாம் வந்தது. விறகடுப்புக்கு மட்டும் நேரம் போதேல்ல. அதால இந்த மடல் முழுக்க அதுக்குத்தான். அதிலயும் ஒரேயொரு விஷயம்: அடுப்பிலயிருந்து புகைக்கூட்டுக்குப் போற அந்தக் கறுப்புக் குழாயை எப்படிப் பொருத்துறது?

"இது எங்களுக்கு எதுக்கு?" எண்டு கேக்கலாம். 2013 டிசம்பர் ஐஸ் புயலில ரொரன்ரோவில மட்டும் ஏறத்தாழ 300,000 மின் இணைப்புகள் நிண்டுபோச்சு. சில வீடுகளுக்கு நத்தார் முடிஞ்ச பிறகுதான் கரண்ட் வந்தது. இப்ப எங்கட ஆக்கள் கொட்டேஜ் வாங்கீனம், நகரத்துக்கு வெளிய பழைய வீடு வாங்கீனம். அங்க ஒரு விறகடுப்பு ஏற்கெனவே நிக்கும். "இதென்ன பெரிய வேலையே, நானே பூட்டுறன்" எண்டு வெளிக்கிடுற அப்பாமாரும் எங்கட வீடுகளில குறைவில்ல. பிழையாப் பூட்டினால் வீடே எரியலாம். அதால தெரிஞ்சு வைக்கிறது நல்லது.

குழாய்த் துண்டு ஒண்டைக் கையில எடுத்துப் பாருங்கோ. ஒரு முனை நெளிநெளியாய்ச் சுருங்கியிருக்கும். மற்ற முனை நேரான வட்டம். சுருங்கின முனை அடுத்த துண்டுக்குள்ள செருகும். இப்ப கேள்வி: சுருங்கின முனை மேல பாக்கவேணுமா, கீழ பாக்கவேணுமா?

கனபேர் "மேல" எண்டுதான் சொல்லுவினம். புகை மேலதானே போகுது, கீழ்க்குழாய் மேல்க்குழாய்க்குள்ள செருகியிருந்தால் புகை வெளிய கசியாது எண்டது கணக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சரியான விடை: கீழே, அடுப்பைப் பாத்தபடி.

ஏன்? முதலாவது, சூடான புகை பாரம் குறைஞ்சது, அது மேலே எழும்பும்போது குழாய்க்குள்ள அழுத்தம் அறையைவிடக் குறையும். அதால ஒழுங்காய் எரியிற அடுப்பில இணைப்புகளுக்கால புகை வெளிய வராது; அறைக் காற்றுத்தான் உள்ள போகும்.

இரண்டாவதுதான் முக்கியம். விறகுப் புகையில நீராவியும் எரியாத தார் போன்ற பொருட்களும் இருக்கும். புகை ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்குக் கீழ குளிர்ந்தால் இவை உட்சுவரில் படிந்துவிடும். இதைத்தான் கிரியோசோட் எண்டு சொல்லுவினம். அது திரவமாய் இருக்கேக்க கீழ்நோக்கி வழியும். மேல்க்குழாயின்ர முனை கீழ்க்குழாய்க்குள்ள இருந்தால், வழியிறது உள்ளுக்குள்ளேயே போய் அடுப்புக்குள்ள விழுந்து எரிஞ்சுபோகும். மாறிப் பூட்டினால் ஒவ்வொரு இணைப்பாலயும் வெளிய வடியும், நாறும், கீழ சூடான தகரத்தில படும்.

யாழ்ப்பாணத்து ஓட்டு வீட்டை நினைச்சுப் பாருங்கோ. மேல் ஓடு கீழ் ஓட்டுக்கு மேல படுத்திருக்கும், ஏனெண்டால் மழைத்தண்ணி வெளிப்பக்கத்தால ஓடுது. குழாயில திரவம் உள்பக்கத்தால ஓடுது. அதால இங்க மேல்த்துண்டு கீழ்த்துண்டுக்கு உள்ள போகுது. விதி ஒண்டுதான்: மேல போறதைப் பாத்து இணைக்காதேங்கோ, கீழ வடியிறதைப் பாத்து இணையுங்கோ.

மிச்ச விதிகளும் இதே யோசனையிலதான் வருது.

ஒவ்வொரு இணைப்புக்கும் சம இடைவெளியில குறைஞ்சது மூண்டு ஸ்க்ரூ. புகைக்கூட்டுக்குள்ள படிஞ்ச கிரியோசோட் தீப்பிடிச்சால் வெப்பம் 1,000 பாகையையும் தாண்டலாம், குழாய் அதிரும். ஸ்க்ரூ இல்லாட்டி இணைப்பு கழண்டு, நெருப்பு அறைக்குள்ள வந்துவிடும்.

படுக்கையாய்ப் போற துண்டு இருந்தால், புகைக்கூட்டை நோக்கி ஒவ்வொரு அடிக்கும் கால் அங்குலம் உயரவேணும். 90 பாகை வளைவு இரண்டுக்கு மேல வேண்டாம். வளைவு கூடினால் புகை மெதுவாய்ப் போகும், குளிரும், படியும்.

ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய சுவர், மரம், திரைச்சீலைக்கும் இடையில 18 அங்குலம் இடைவெளி. இரட்டைச் சுவர்க் குழாயில இது குறையும். எவ்வளவு எண்டு அதன் லேபிளில இருக்கும். எந்தக் குழாயாய் இருந்தாலும் மரக் கூரைக்குள்ளால நேரே கொண்டுபோகக் கூடாது. அந்த இடத்திலயிருந்து காப்பிட்ட புகைக்கூடு தொடங்கவேணும். நாகம் பூசின வெள்ளித் தகரக் குழாய் கூடாது. சூடேறினால் நச்சுப் புகை வரும். ட்ரையர் குழாயை நினைச்சும் பாக்காதேங்கோ.

எங்கட வீடுகளுக்கு ஒரு விசேஷக் குறிப்பு. மீன் பொரிக்கேக்க குசினி ஹூட்டை முழு வேகத்தில போடுவம்தானே? இறுக்கமாய் அடைச்ச வீட்டில அந்தக் காத்தாடி, புகைக்கூட்டின்ர இழுவையையே திருப்பிவிடலாம். அப்ப புகையோட கார்பன் மொனொக்சைட்டும் வீட்டுக்குள்ள வரும். அதுக்கு மணமும் இல்ல, நிறமும் இல்ல. அலாரம் கட்டாயம் வேணும், பற்றரி நல்லா இருக்கவேணும்.

புதுசாய் அடுப்புப் பூட்ட ஒன்ராறியோவில கட்டட அனுமதி எடுக்கவேணும். வீட்டுக் காப்புறுதிக்காரரும் பெரும்பாலும் 'வெற்' சான்றிதழ் உள்ள பரிசோதகரின்ர அறிக்கை கேப்பினம். அவர் வரமுந்தி நீங்களே ஒண்டு செய்யலாம். அடுப்பு நல்லா ஆறின பிறகு ரோர்ச் அடிச்சு ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கோ. வெளிப்பக்கம் கறுப்பாய் வடிஞ்ச கோடு இருந்தால் முதல்ல குழாயின்ர திசையைத்தான் சந்தேகப்படவேணும். சரிபண்ணும்வரை அந்த அடுப்பை மூட்டாதேங்கோ.

உங்கட கொட்டேஜில குழாய் எந்தப் பக்கம் பாக்குது? படம் எடுத்து அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில கதைப்பம்.