முட்டை தின்னும் நீல விளக்கு!

குட்டீஸ், புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போயிருக்கிறீர்களா? காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 2023 அக்டோபரில் அந்தப் பக்கம் போனவர்கள் கடலைப் பார்த்துத் திகைத்துவிட்டார்கள். கரையோரத் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்ததுபோலச் சிவந்திருந்தது!

நுண்பாசிகள் திடீரெனக் கோடிக்கணக்கில் பெருகினால் கடல் இப்படி நிறம் மாறும். அப்படிப் பெருகும் உயிர்களில் ஒன்றுதான் நாக்டிலூகா. இதற்கு ஒரே ஒரு செல்தான். எவ்வளவு வளர்ந்தாலும் 2 மில்லிமீட்டரைத் தாண்டாது. இரவில் அலை மோதினால் நீல நிறத்தில் மின்னும். 2019 ஆகஸ்டில் சென்னை திருவான்மியூர் பக்கம் கடல் மின்னியது இதனால்தான்.

"அட, அழகாக இருக்குமே!" என்கிறீர்களா? கோப்பிபாடிடம் கேட்டால் அழுதுவிடும்!

கோப்பிபாடா? அது யார்? இறாலுக்கும் நண்டுக்கும் குட்டிச் சொந்தக்காரர். பெரும்பாலும் ஓர் அரிசியைவிடச் சிறியது. கோப்பிபாட் நுண்பாசியைத் தின்னும். மீன் குஞ்சுகள் கோப்பிபாடைத் தின்னும். அந்த மீன்தான் நம் வீட்டுக் குழம்புக்கு வருகிறது.

நாக்டிலூகா இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. மற்ற பாசிகளைப்போல இது தனக்கான உணவைத் தானே தயாரிப்பதில்லை, அகப்பட்டதை விழுங்கும். கோப்பிபாட் தண்ணீரில் விடும் முட்டைகளையும் விட்டுவைக்காது! கோப்பிபாடுக்கு வேண்டிய நுண்பாசிகளையும் தின்றுவிடும். முட்டையும் போச்சு, சாப்பாடும் போச்சு! இதுதவிர, வேறு சில நுண்பாசிகளில் நஞ்சு உண்டு. அவற்றைத் தின்ற கோப்பிபாடின் முட்டைகள் சரியாகப் பொரிப்பதில்லை.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. பெருகிய பாசி செத்து அழுகும்போது, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைப் பாக்டீரியாக்கள் தீர்த்துவிடும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் மண்டபம் அருகே நாக்டிலூகா பெருகிக் கடல் பச்சையானது. ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. பவளப்பாறைகளும் மடிந்தன.

பாசி பெருகுவது இயற்கைதான். ஆனால் சாக்கடை நீரும் வயல் உரமும் கடலில் கலந்தால், பாசிக்கு விருந்து வைத்ததுபோல ஆகிவிடும். அதனால், கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகே கடலில் விட வேண்டும்.

கடல் நிறம் மாறியிருந்தால் அதில் இறங்கி விளையாடாதீர்கள், சரியா? கரையில் நின்றபடி, கண்ணுக்குத் தெரியாத அந்தக் குட்டிச் சொந்தக்காரரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!