சம்மர் லீவுல சீனா... ஒரு ரவுண்டு போலாமா?

லீவு விட்டா ஸ்விம்மிங் கிளாஸ், டைப்பிங் கிளாஸ், பாட்டி வீடு. பிளஸ் ஒன் வந்துட்டா அதுவும் கட்... நீட் கோச்சிங்தான்! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஏரியா பசங்களோட மே மாசம் இப்படித்தான் கரையுது. ஆனா, பல நாட்டு ஹைஸ்கூல் பசங்களுக்கு லீவுல இன்னொரு ரூட் இருக்கு. ரெண்டு, மூணு வாரம் சீனாவுக்கே போய்த் தங்கி, அந்த மொழியையும் கலாசாரத்தையும் கத்துக்கிட்டுத் திரும்புற சம்மர் கேம்ப்!

‘‘அதுக்கும் நமக்கும் என்ன பாஸ் சம்பந்தம்?’’னு கேக்கறீங்களா? காலையில பூந்தமல்லி ஹைரோட்டுல நின்னு பாருங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போற கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். அந்தப் பக்கம் ஐபோன் தயாரிக்கிற ஃபாக்ஸ்கான், தைவான் கம்பெனி. தைவான்லயும் சீனாவுலயும் ஆபீஸ் மொழி மாண்டரின். அதுவும் தமிழும் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் நடுவுல இருந்தா, அவருக்கு மவுசு இருக்குமா, இருக்காதா?

கேம்ப்ல என்ன செய்வாங்க?

காலையில மொழி வகுப்பு. மதியம் கலை. தூரிகையால எழுத்து வரையறது, சிவப்புக் காகிதத்தை வெட்டிப் பூ செய்யறது, தாய்ச்சி, கூடவே ஜியாவ்ட்ஸ பிடிக்கறது. அது என்னன்னு பயப்படாதீங்க. பூரணம் வெச்சு மடிக்கிற நம்ம கொழுக்கட்டைக்கு ஒண்ணுவிட்ட தம்பி! கேம்ப் பெய்ஜிங்லன்னா, பெருஞ்சுவரும் 1420-ல் கட்டி முடிச்ச அரண்மனை நகரமும் கட்டாயம் லிஸ்ட்ல இருக்கும்.

இது தவிர, ‘சீனப் பாலம்’னு ஒரு உலகப் போட்டி இருக்கு. கல்லூரி மாணவர்களுக்கு 2002-லயும், பள்ளி மாணவர்களுக்கு 2008-லயும் ஆரம்பிச்சது. சீன மொழியில பேச்சு, பொது அறிவு, கலைத் திறமை மூணையும் காட்டணும். அந்தந்த நாட்டுல ஜெயிச்சவங்க ஃபைனல்ஸுக்குச் சீனா போவாங்க.

பழைய சிநேகம்

இந்த ரூட் நமக்குப் புதுசு இல்ல. பூந்தமல்லியிலிருந்து நேரா மேற்கே விட்டா காஞ்சிபுரம். 7-ம் நூற்றாண்டுல யுவான் சுவாங் அந்த ஊரைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். 1077-ல் சோழ நாட்டுத் தூதுக் குழு 72 பேரோட சீனா போச்சு. சீனாவின் சுவான்சோ துறைமுகத்துல 1281-ம் ஆண்டு தமிழ்க் கல்வெட்டே கிடைச்சிருக்கு. அங்கே தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டின அடையாளம் அது. இவ்வளவு ஏன், நம்ம சமையலறையில இருக்கிற சீனி, சீனச்சட்டி பேரைக் கொஞ்சம் கவனிங்க!

அவங்களும் சும்மா இல்ல. 1963-லயே சீன வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிருச்சு. தமிழ்ப் பேர் வெச்சுக்கிட்ட சீன அறிவிப்பாளர்கள் சுத்தத் தமிழ்ல செய்தி வாசிக்க, தமிழ்நாட்டு கிராமங்கள்ல நேயர் மன்றம் வெச்சு லெட்டர் போட்டாங்க நம்ம ஆளுங்க.

‘ழ’ நமக்கு அல்வா!

சீன மொழின்னாலே தலை சுத்துதா? ஒரு குட் நியூஸ். மாண்டரின்ல ‘மனிதன்’ங்கிற சொல்லோட முதல் ஒலி, கிட்டத்தட்ட நம்ம ‘ழ’. வெள்ளைக்காரங்க நாக்கு சுளுக்கிக்கிற இடத்துல நாம ‘ழென்’னு ஈஸியா சொல்லிரலாம். எழுத்தும் படம் மாதிரிதான். மரத்துக்கு ஒரு எழுத்து. அதையே ரெண்டு போட்டா தோப்பு, மூணு போட்டா காடு.

கஷ்டம் வேற இடத்துல. ‘மா’ன்னு ஒரே சொல்லை நாலு ராகத்துல சொன்னா நாலு அர்த்தம். அம்மா, சணல், குதிரை, திட்டு! அம்மாவைக் கூப்பிடப் போய் குதிரையைக் கூப்பிட்டுராதீங்க. அடுத்து, நமக்கு ஒரே ‘ப’. அவங்களுக்குக் காத்தோட ஒண்ணு, காத்து இல்லாம ஒண்ணு. வாய்க்கு முன்னால துண்டுக் காகிதத்தைப் பிடிச்சுப் பழகுங்க. முதலாவதுக்குக் காகிதம் ஆடணும், ரெண்டாவதுக்கு ஆடக்கூடாது.

சிக்கலும் இருக்கு

முதல் சிக்கல் காலண்டர். சீனாவுல கோடை லீவு ஜூலை, ஆகஸ்ட். கேம்ப்பும் அப்போதான். நமக்கோ ஜூன்லயே ஸ்கூல் திறந்துரும். பிளஸ் டூ படிக்கிறவங்க ஜூலையில மூணு வாரம் லீவு கேட்டா ஹெச்.எம். என்ன சொல்வார்னு தெரியாதா?

ரெண்டாவது, நாடுகளோட உறவு. 2012-ல் சீன மொழி கற்பிக்க சி.பி.எஸ்.இ. அந்த நாட்டோட ஒப்பந்தம் போட்டுச்சு. 2020-ல் கல்வான் மோதல்... எல்லாம் தலைகீழ். அந்த வருஷம் வந்த தேசியக் கல்விக் கொள்கை உதாரணம் சொன்ன வெளிநாட்டு மொழிகள்ல கொரியன், ஜப்பானீஸ் இருக்கு, சீனம் இல்ல. நின்னுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபர்லதான் திரும்பப் பறக்க ஆரம்பிச்சது.

மூணாவது, அம்மாவோட கவலை. சீனாவுல வாட்ஸ்அப், கூகுள் தடை. அங்கே ஓடுற வீசாட்டை இந்தியா 2020-ல் தடை பண்ணிருச்சு. ‘சாப்ட்டியா கண்ணா?’னு கேக்கறதுக்கு வழி என்னன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணுங்க.

அப்போ வழி?

தைவான் ஒரு நல்ல கதவு. அந்த அரசோட ‘ஹுவாயூ’ ஸ்காலர்ஷிப், மாண்டரின் படிக்கிறதுக்குன்னே தர்றாங்க. 18 வயசும் பிளஸ் டூ சர்டிஃபிகேட்டும் வேணும். அதனால, ஸ்கூல்ல அடித்தளம் போட்டுட்டு காலேஜ் வந்ததும் முயற்சி பண்ணலாம். சென்னையில 2012 முதல் தைபே பொருளாதார, கலாசார மையம் இருக்கு. விவரம் அங்கேயே கேளுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க... சீனாவுல சுருக்கின எழுத்து, தைவான்ல பழைய முழு எழுத்து.

இப்பவே செய்ய...

* பாஸ்போர்ட் எடுத்து வைங்க. 18-க்குக் கீழேன்னா பொதுவா 5 வருஷம் இல்லேன்னா 18 வயசு ஆகுற வரைக்கும், எது முதல்ல வருதோ அதுவரை செல்லும். அப்பா, அம்மா சம்மதம் அவசியம்.
* பள்ளி மாணவர்களுக்குன்னே ஒய்.சி.டி. தேர்வு இருக்கு. முதல் நிலைக்கு 80 சொல் போதும். தினம் ரெண்டுன்னா 40 நாள்.
* கேம்ப்னு யாராவது பணம் கேட்டா, அழைக்கிற பல்கலைக்கழகத்துக்கு நீங்களே மெயில் போட்டு உறுதிப்படுத்துங்க. பதில் வராம ஒரு ரூபா கட்டாதீங்க.
* சைவமா? ‘வோ ச்சி சூ’. ‘நான் சைவம்’னு அர்த்தம். மத்த 79 சொல்லைவிட இது முக்கியம்!